உங்களுக்குத் தெரியுமா? – திருவண்ணாமலைத் தண்ணீர்க் கணக்கு

கிரிவலம் வருபவர்கள் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அந்த மலையிலும் சுற்றுவட்டாரத்திலும் பெய்கிற மழை எங்கே போகிறது, அதை யார் பிடித்து வைத்தார்கள், யார் பங்கு பிரித்தார்கள்? அண்ணாமலையார் ஊரிலிருந்து ஆப்பிரிக்காவின் சகாரா ஓரம் வரை ஒரு சுற்று வருவோமா?

ஒரு மாவட்டம், இரண்டு ஆறுகள்

திருவண்ணாமலை மாவட்டத்துத் தண்ணீர் இரண்டு வீட்டுப் பிள்ளை. வடக்கே செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு பக்கத்து மழை செய்யாற்றில் சேர்ந்து பாலாற்றுக்குப் போகிறது. தெற்கே தண்டராம்பட்டு, சாத்தனூர் பக்கத்து மழை தென்பெண்ணையோடு கடலூர் போய்க் கடலில் கலக்கிறது. பாலாறு, தென்பெண்ணை இரண்டுமே கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில்தான் பிறக்கின்றன. இரண்டுக்கும் தாய்வீடு ஒன்று, புகுந்த வீடுதான் வேறு.

மூன்று ஆற்றுக்குப் போகும் சாமி

அண்ணாமலையார் வருஷத்தில் மூன்று முறை ஊரைவிட்டுக் கிளம்பி ஆற்றுக்குப் போகிறார். தை 5-ஆம் நாள் மணலூர்பேட்டையில் தென்பெண்ணை. ரத சப்தமி அன்று கலசபாக்கத்தில் செய்யாறு. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதி. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று திதி கொடுப்பது இந்த மூன்றாவது தீர்த்தவாரியில்தான். மாவட்டத்தின் இரண்டு பெரிய ஆறுகளும் சாமியின் பயணத்தில் தவறாமல் இடம் பிடித்துவிட்டன.

செய்யாற்றின் வயது

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மா என்ற ஊரை ஆண்ட நன்னனைப் பாடுகிறது. அந்த ஊர்தான் இன்றைய செங்கம். அவன் நாட்டில் ஓடும் ஆறாக அந்த நூல் சொல்வது சேயாறு, அதாவது நம் செய்யாறு. பாடல் பெற்ற தலம் போல இது பாடல் பெற்ற ஆறு.

ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் எவ்வளவு?

ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 1 கோடி லிட்டர். திருவண்ணாமலை வட்டாரத்தில் வருஷத்துக்குச் சுமார் 100 சென்டிமீட்டர் பெய்கிறது. தென்மேற்குப் பருவமழையிலும் பங்கு உண்டு, வடகிழக்கிலும் உண்டு. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே நீளும் சாகேல் பகுதியில் பல இடங்களில் இதில் பாதி பெய்தாலே நல்ல வருஷம். நம் ஊரில் மழை குறைச்சல் இல்லை. சில நாட்களிலேயே மொத்தமும் கொட்டிவிடுகிறது என்பதுதான் சிக்கல். அதனால்தான் ஏரி வெட்டினார்கள்.

100 ஏக்கர் கோடு

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. உங்கள் ஊர் ஏரி யாருடையது என்று தெரிய ஓர் எளிய கணக்கு: ஏரித் தண்ணீர் பாயும் நிலம், அதாவது ஆயக்கட்டு, 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மனு எழுதும்போது முதலில் இதைப் பாருங்கள். இல்லையென்றால் அந்த அலுவலகம் இந்த அலுவலகத்தைக் கைகாட்டும், இது அதைக் கைகாட்டும்.

கலங்கலில் நிற்கும் குத்துக்கற்கள் எதற்கு?

பழைய ஏரியின் கலங்கலுக்குப் போய் நின்றால், தண்ணீர் வழியும் தளத்தின்மேல் வரிசையாக நட்ட கருங்கல் தூண்களைப் பார்க்கலாம். முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று ஏரிக்கு ஏரி மாறும். அலங்காரத்துக்கு நட்டவை அல்ல அவை. பெருமழைக் காலத்தில் கற்களுக்கு நடுவே இடைவெளி திறந்தே இருக்கும், வெள்ளம் தடையில்லாமல் வழியும். கரை உடையும் ஆபத்து நீங்கியதும், பருவத்தின் கடைசி மழைக்கு முன்னால், அந்த இடைவெளிகளைப் புல்கரணையும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். ஏரியில் கூடுதலாக ஓர் அடி, இரண்டடித் தண்ணீர் நிற்கும். அடைப்பு சீக்கிரம் விழுந்தால் கரைக்கு ஆபத்து, தாமதமானால் தண்ணீர் நஷ்டம். நாள் பார்த்து அடைக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருந்தார்.

மேல் ஏரி வழிந்தால்தான் கீழ் ஏரி நிறையும்

நம் ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் இல்லை, ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. மேலூர் ஏரியின் கலங்கல் தண்ணீர்தான் கீழூர் ஏரியின் வரத்து. நடுவில் ஒரு வரத்துக்கால் தூர்ந்து மனைப்பிரிவாகிவிட்டால், மேல் ஏரிக்காரர் வீட்டுக்குள் தண்ணீர் புகும், கீழ் ஏரியில் ஆடு மேயும். ஒரே மழையில் ஓர் ஊருக்கு வெள்ளமும் அடுத்த ஊருக்கு வறட்சியும் வருகிற ரகசியம் இதுதான்.

மதகைத் திறந்தவர்

ஏரிக்குள் கரையோரமாக இரண்டு கல்தூண், அவற்றை இணைக்கும் குறுக்குக்கல், நடுவே மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பு. பழைய மதகு பார்வைக்கு அவ்வளவுதான். கம்பின் அடியில் உள்ள அடைப்பு, தரைமட்டக் கல்லில் துளைத்த ஓட்டையில் பொருந்தி உட்காரும். மேலே நிற்கும் தண்ணீரின் எடையே அதை இறுக மூடிவிடும். கம்பை எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு தண்ணீர் கரைக்கு அடியில் போகும் தூம்பு வழியாக வாய்க்காலுக்கு வரும். அதைத் தூக்கி இறக்கியவருக்கு மடையர், நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர். அறுவடையில் ஊரார் நெல்லாக அளந்த கூலிதான் அவர் சம்பளம். கடைமடைக்காரருக்கும் நெல் விளைந்தால்தான் அவருக்கும் முழுக் கூலி. அதனால் தலைமடைக்காரர் மிரட்டலுக்கு அவர் எளிதில் பணிவதில்லை.

மகேந்திரவர்மன் பெயர் வாங்கிய ஏரி

வெம்பாக்கம் வட்டத்தில் உள்ள தூசி மாமண்டூர் ஏரிக்குப் பழைய பெயர் சித்திரமேக தடாகம். சித்திரமேகன் என்பது 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். ஏரிக்கரையை ஒட்டிய குன்றில் அவன் காலத்துக் குடைவரைகள் இன்றும் இருக்கின்றன. 1850-களில் ஆங்கிலேயர் வாலாஜா அருகே பாலாற்றில் அணைக்கட்டு கட்டியபோது, அதிலிருந்து பிரியும் கால்வாய்களில் ஒன்று தூசிப் பக்கம் போனது. பல்லவன் ஏரிக்குத் தண்ணீர் தரும் வேலையை வெள்ளைக்காரனின் அணைக்கட்டும் பகிர்ந்துகொண்டது.

கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது

செய்யாற்றுத் தண்ணீர் கீழே போய்ச் சேரும் ஊர்களில் ஒன்று உத்திரமேரூர். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகளுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்ச் சபையில் ஏரியைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஏரி வாரியம் இருந்தது, உறுப்பினர் 6 பேர், பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய விதி இது.

தூர் வாரப் படகு

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரியில் படகு ஓட்ட விட்ட நிவந்தங்கள் உண்டு. சவாரிக்கு அல்ல. ஏரிக்குள் படிந்த வண்டலை வாரி, படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கரையில் கொட்டுவதற்கு. ஒரே வேலையில் ஏரி ஆழமாகும், கரை பலமாகும். அந்த வேலைக்கான நெல்லும் பொன்னும் யார் தருவது என்பது வரை கல்லில் எழுதி வைத்தார்கள்.

நந்தன் கால்வாய்

திருவண்ணாமலை அருகே கீரனூரில் துரிஞ்சலாற்றின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. அங்கே தொடங்கும் நந்தன் கால்வாய் சுமார் 38 கி.மீ. ஓடி, இரு மாவட்ட ஏரிகளுக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே விழுப்புரம் மாவட்டம் பனமலை ஏரியில் முடிகிறது. பல்லவர் காலத்தது என்பது வழிவழி நம்பிக்கை. தொடக்கம் ஒரு மாவட்டத்தில், முடிவு இன்னொன்றில். முதல் கிலோமீட்டர் தூர்ந்தால் கடைசி ஏரி காயும். மாவட்ட எல்லை தண்ணீருக்குத் தெரியாது.

குடிமராமத்துக்கு ஒரு சட்டம்

ஏரி, வாய்க்கால் சின்ன வேலைகளை ஊரே கூடிச் செய்யும் வழக்கம்தான் குடிமராமத்து. வழக்கம் தளரத் தொடங்கியதும், 1858-இல் சென்னை மாகாணத்துக்கென வந்த ஒரு சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. வராதவர்களிடம் தண்டம் வாங்கலாம் என்றது. ஏட்டில் சட்டம் இருந்தது, ஏரியில் ஆள் இல்லை. ஊரின் தண்ணீர் ஊராரின் கையைவிட்டு அலுவலகத்துக்குப் போன பிறகு, வேலைக்கு மட்டும் வா என்றால் யார் வருவார்? 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தமிழக அரசு இதே பெயரில் 100 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்தது.

119 அடி

காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1958-இல் கட்டி முடிந்தது சாத்தனூர் அணை. முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. இதோடு ஒப்பிட்டால் மாவட்டத்தின் மற்ற அணைகள் சின்னவை. செங்கம் பக்கத்துக் குப்பநத்தம் 700 மில்லியன் கன அடி, படவேடு பக்கத்துச் செண்பகத்தோப்பு 287, மிருகண்டா நதி அணை 87. மூன்றையும் கூட்டினாலும் சாத்தனூரில் ஏழில் ஒரு பங்குதான் வரும்.

டி.எம்.சி. என்றால்?

செய்தியில் தினமும் காதில் விழும் சொல். ஆயிரம் மில்லியன், அதாவது 100 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,832 கோடி. விநாடிக்கு ஒரு கன அடி ஓடினால் அது ஒரு கியூசெக், சுமார் 28 லிட்டர். இந்த இரண்டும் தெரிந்தால் அடுத்த துணுக்கு புரியும்.

அணையே காலியாகும் வேகம்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறியும் அடங்கவில்லை. சாத்தனூருக்கு மேலே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அந்த வேகத்தில் ஓடினால் நிறைந்த சாத்தனூர் அணை முழுவதும் 12 மணி நேரத்தில் காலி. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. மேலே பெய்த மழையின் சேதி கீழே எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறது என்பதும் ஆற்று மேலாண்மைதான். மழைமானி, சைரன், தண்டோரா மூன்றும் அணைக்கட்டு அளவுக்கு முக்கியம்.

மலையும் கரையும்

அதே மழையில் 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக வீட்டின்மேல் இறங்கி, குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். மலைச்சரிவு மழைநீரின் வழி. அங்கே மரம் வேண்டும், ஓடைக்கு இடம் வேண்டும். வீடு வேண்டாம்.

மொட்டை மலை பச்சையானது

1980-களின் இறுதியில் தொடங்கி, அண்ணாமலையில் மரம் வளர்க்கும் வேலையைத் தன்னார்வ அமைப்புகள் செய்துவருகின்றன. இதில் நடுவது சின்ன வேலை. கோடையில் தீயைத் தடுக்க மலையைச் சுற்றிக் காய்ந்த புல்லை அறுத்துத் தீத்தடுப்புப் பாதை போடுவதுதான் பெரிய வேலை. வேர் பிடித்த மலையில் மழை ஓடாமல் நின்று நிதானமாக இறங்கும், அடிவாரக் கிணறும் குளமும் ஊறும். ரமணர் 1916 முதல் 1922 வரை தங்கிய ஸ்கந்தாசிரமம் அமைந்ததே மலையில் ஓர் ஊற்றை ஒட்டித்தான்.

தெப்பத்துக்குத் தண்ணீர்

கார்த்திகை தீபம் முடிந்ததும் ஐயங்குளத்தில் மூன்று இரவு தெப்பல் உற்சவம். சந்திரசேகரர், பராசக்தி, சுப்பிரமணியர் என்று நாளுக்கொருவர். குளத்தில் தண்ணீர் இல்லையென்றால் தெப்பம் ஓடாது. ஐப்பசி, கார்த்திகை மழை குளத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்பதற்கு ஊரறியத் தேர்வு நடத்தி மதிப்பெண் போடும் திருவிழா இது.

1892-இல் போட்ட கையெழுத்து

மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் 1892-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் காவிரியோடு பாலாறும் தென்பெண்ணையும் உண்டு. மேலே புதிதாக அணை கட்டுமுன் கீழே உள்ளவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பது சாரம். தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணைக்காகத் தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றம் போனது. அங்கே கையில் எடுத்துக்கொண்டு போனதும் இந்தப் பழைய காகிதத்தைத்தான்.

அணைக்கு மூன்று நாடு சொந்தக்காரர்

சாகேலில் கடும் வறட்சி வாட்டிய 1972-இல், மாலி, மொரித்தானியா, செனகல் ஆகிய மூன்று நாடுகள் செனகல் ஆற்றுக்காக ஒரு கூட்டமைப்பு தொடங்கின. 1986-இல் ஆற்றுமுகத்தருகே டியாமா அணை, கடலுப்பு உள்ளே ஏறாமல் தடுக்க. 1988-இல் மாலி நாட்டுக்குள் மனந்தாலி அணை, நீரைத் தேக்கவும் மின்சாரத்துக்கும். விசேஷம் என்னவென்றால், அணை எந்த நாட்டு மண்ணில் இருந்தாலும் சொந்தம் எல்லோருக்கும். கடனும் பொது, மின்சாரமும் பங்கு. 2006-இல் ஆறு பிறக்கும் கினி நாடும் சேர்ந்தது. ஏழை நாடுகள் சேர்ந்து செய்ததை நம் பக்கத்து மாநிலங்களால் செய்ய முடியாதா?

சுருங்கிய ஏரி

சாகேலின் சாட் ஏரி 1960-களில் சுமார் 25,000 சதுர கி.மீ. பரப்பில் நின்றது. 1980-களில் அதில் பத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சவில்லை. மழை பொய்த்தது முதல் காரணம், பாசனத்துக்கு உறிஞ்சியது அடுத்தது. பிறகு ஓரளவு மீண்டிருக்கிறது. ஏரிக்கரை நாடுகள் நான்கு சேர்ந்து 1964-இலேயே ஆணையம் அமைத்திருந்தும் இந்த நிலை. ஆணையம் அமைத்தால் மட்டும் ஏரி நிறையாது.

ஒரு சாண் குழி

புர்க்கினா ஃபாசோவில் யக்கூபா சவடோகோ என்ற விவசாயி, இறுகிய தரையில் ஒரு சாண் அகலத்துக்குக் குழிகள் வெட்டி, உள்ளே எருவைப் போட்டு மழைக்குக் காத்திருந்தார். எருவுக்கு வந்த கரையான்கள் மண்ணைத் துளைத்தன, மழை அந்தத் துளைகளில் இறங்கியது, சோளம் வந்தது, பின்னால் காடே வந்தது. ஊரார் முதலில் பைத்தியம் என்றார்கள். 2018-இல் அவருக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. 2023-இல் மறைந்தார். செலவு: ஒரு மண்வெட்டி.

நாகநதிப் பெண்கள்

மழையை மண்ணுக்குள் இறக்கும் அதே வேலையை நம் பக்கத்துப் பெண்களும் செய்திருக்கிறார்கள். வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்து நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. கிராமத்துப் பெண்கள் இறங்கி ஓடைகளில் தடுப்புகளும் நீர் செறிவுக் கிணறுகளும் அமைத்தார்கள். ஆற்றில் தண்ணீர் திரும்பியது. 2021 செப்டம்பரில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் இதை எடுத்துச் சொன்னார்.

கண்ணுக்குத் தெரியாத ஏரி

1970-களில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அன்றைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் தங்கிப் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தார்கள். 1977-இல் புத்தகமாக வந்த அந்த ஆய்வில் பம்புசெட்டுக் கிணறுகளுக்கு முக்கிய இடம் உண்டு. 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அடுத்த ஆண்டே எல்லா விவசாயிகளின் பம்புசெட்டுக்கும் மின்சாரம் இலவசம். ஏரி வற்றினால் ஊருக்கே தெரியும். நிலத்தடி நீர் இறங்கினால் போர்வெல் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். ஏரியை மறந்ததற்கு மோட்டாரும் ஒரு காரணம்.

வண்டலைக் கேட்டு வாங்கலாம்

ஏரி வண்டல் வயலுக்கு உரம். விவசாயிகளும் மண்பாண்டம் செய்வோரும் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2024 முதல் அனுமதிக்கு ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டாம், வட்டாட்சியரே தரலாம்.

உங்கள் கூரை

1,000 சதுர அடி மொட்டை மாடியில் வருஷத்துக்கு 100 செ.மீ. மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ 93,000 லிட்டர். சிந்தியது சிதறியது போக 70,000 தேறும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003-இல். அன்று போட்ட குழாய் இன்று குழியில் சேர்கிறதா, தெருவில் முடிகிறதா?

கடைசியாக ஒன்று

ஏரியைத் தூர் வாரினால் படம் எடுக்கலாம், திறப்பு விழா நடத்தலாம். வரத்துக்காலைத் தூர் வாரினால் யாரும் மாலை போட வரமாட்டார்கள். ஆனால் ஏரி நிறைவது வரத்துக்காலால்தான். இந்த ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஊர் ஏரியின் வரத்துக்காலை அதன் தலைப்பு வரை நடந்து பாருங்கள். அடைப்பு எங்கே என்று குறித்து, படத்தோடு மனு கொடுங்கள். கிராமசபையில் எழுந்து கேளுங்கள். கணக்குக் கேட்கும் உரிமை உத்திரமேரூர்க்காரருக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல.